மாதிரிப் படகு

மாதிரிப் படகு என்பது உண்மையான படகு ஒன்றின் வடிவத்தைக் குறிப்பிட்ட அளவுவிகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்படும் உருவம் ஆகும். காட்சிக்கு மட்டும் வைக்கப்படும் மாதிரிகள், நீரில் மிதந்து ஓடும் மாதிரிகள் என இவை இரு வகைப்படும். இக்கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. குறிப்பாக, பொம்மைத் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி அமைக்கப்படும் சிறு குளங்களில் விடப்படும் படகுகளை இது விளக்குகிறது. மேலை நாடுகளில் வீட்டுத் தோட்டங்களிலும், தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலுவை ஒட்டிய பூங்காக்களிலும் இத்தகைய அமைப்புகளைக் காணலாம்.

படகின் நீளத்தையும் அகலத்தையும் விரும்பிய அளவுக்குச் சுருக்க முடியும். ஆனால் அது மிதக்கும் நீரையும், அதன்மேல் வீசும் காற்றையும் சுருக்க முடியாது. பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் மாதிரிகள் நீரில் விட்டவுடன் கவிழ்வதற்கும் மூழ்குவதற்கும் இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

வரலாறு

மாதிரிப் படகுகள் மிகப் பழைமையானவை. எகிப்தில் மெக்கெட்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையில், ஏறத்தாழ கி.மு. 2000ஆம் ஆண்டைச் சேர்ந்த மரப் படகு மாதிரிகள் 1920இல் கண்டெடுக்கப்பட்டன. துடுப்பு வலிப்போர், சமையல் செய்வோர், மீன் பிடிப்போர் ஆகியோரின் உருவங்களும் அவற்றில் இருந்தன. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறையிலும் படகு மாதிரிகள் பல கிடைத்தன. இந்தியாவில், சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த லோத்தலில் சுடுமண் படகு மாதிரிகள் கிடைத்துள்ளன.

கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி எனக் கலங்களுக்குப் பல பெயர்கள் சங்க இலக்கியத்தில் உள்ளன. கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் வழங்குகிறது. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய விரிவான ஆய்வு ஒன்றை 1920இல் வெளியிட்டார். தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் படிப்படியாகப் பிடித்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இம்மாற்றம் விரைவடைந்தது. எனவே, பழைய படகு வகைகளைச் சரியான அளவுடன் மாதிரியாகச் செய்து வைப்பது ஒரு வகை ஆவணப்படுத்தலும் ஆகும்.

கொலுப் பூங்கா

புரட்டாசி மாதத்தையொட்டி வரும் நவராத்திரியின்போது வீடுகளில் படிகள் அமைத்துப் பொம்மைகளை அடுக்கி வைப்பது கொலு எனப்படும். படிகளுக்கு முன்னால் அல்லது பக்கவாட்டில் தரையில் மணல் பரப்பிப் பூங்கா அமைப்பது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. கேழ்வரகு, கடுகு, வெந்தயம் ஆகியவற்றை முளைக்க வைத்துப் புல்வெளி உண்டாக்குவர். நடுவில் தாம்பாளத்தில் நீர் ஊற்றியோ, முகம் பார்க்கும் கண்ணாடியை மணலில் பதித்தோ குளம் அமைப்பர். அதைச் சுற்றிப் பொம்மை இரயில் ஓடுவதும், குளத்தில் சிறு படகு மிதப்பதும் குழந்தைகளைப் பெரிதும் கவர்பவை.

கொலுப் பொம்மைகள் செய்யும் முக்கிய ஊர்களுள் காஞ்சிபுரம் ஒன்று. அங்குள்ள பொம்மைக்காரத் தெரு இத்தொழிலால் பெயர் பெற்றது. களிமண் பொம்மைகளும் காகிதக் கூழ்ப் பொம்மைகளும் இங்கு செய்யப்படுகின்றன. இவ்விரண்டு வகைகளுக்கும் இடையிலான எடை வேறுபாடு படியில் வைக்கும்போது பெரிதாகத் தெரியாது. படகில் ஏற்றும்போது அதுவே படகு மிதப்பதையும் மூழ்குவதையும் முடிவு செய்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் சிற்றூர்களில் சிறுவர்கள் படகு விடுவதற்குக் கொலுவுக்காகக் காத்திருப்பதில்லை. மழைநீர் ஓடும் தெருவில் காகிதக் கப்பல், வாய்க்காலில் வாழைமட்டை, ஏரிக்கரையில் காய்ந்த தென்னம்பாளை எனக் கிடைத்ததெல்லாம் படகாகின்றன. தென்னம்பாளை இயல்பாகவே படகின் வடிவம் உடையது. நடுவில் குழிந்தும் இரு முனைகளிலும் குவிந்தும் இருப்பதால் செதுக்கும் வேலை அதில் மிகக் குறைவு.

தோட்டத் தொடர்வண்டி

வீட்டுத் தோட்டத்தில் நிலையான இருப்புப்பாதை அமைத்துச் சிறு தொடர்வண்டிகளை ஓட்டுவது தோட்டத் தொடர்வண்டி எனப்படும். செருமனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968இல் எல்ஜிபி என்ற பெயரில் வெளியிட்ட தொடர்வண்டிகள் இப்பொழுதுபோக்கைப் பரவலாக்கின. இவற்றின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர், அளவுவிகிதம் 1:22.5 ஆகும். இது ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதையைக் குறிக்கிறது. உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை இரயில்பாதையும் மீட்டர் பாதையே.

தொடர்வண்டியும் நீர்நிலையும் அருகருகே அமையும் காட்சிகள் தமிழ்நாட்டில் பல உள்ளன. நீலகிரி மலை இரயில் உதகை ஏரியை ஒட்டிச் செல்கிறது. பாம்பனில் படகுகளுக்கு வழிவிடுவதற்காகவே பாலம் திறக்கும்படி அமைக்கப்பட்டது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக உயர்கிறது. இப்பகுதியை மட்டும் 1:22.5 விகிதத்தில் செய்தால் 3.2 மீட்டர் நீளம் வரும். 1:87 விகிதத்தில் அது 83 சென்டிமீட்டராகக் குறையும். எந்த விகிதத்தில் கட்டுவது என்பதை இடவசதியைக் கணக்கிட்டு முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அளவுவிகிதம்

நீளமும் எடையும்

ஒரு பொருளின் நீளம் n மடங்கு குறைந்தால் அதன் பரப்பு n² மடங்கும், கனஅளவு n³ மடங்கும் குறையும். படகு இடம்பெயர்க்கும் நீரின் எடை கனஅளவைப் பொறுத்தது. எனவே மாதிரி தாங்கக்கூடிய எடை, நீளத்தைவிட மிக விரைவாகக் குறைகிறது. 9 மீட்டர் நீளமும் ஆட்கள், வலை, இயந்திரம் உட்பட 2,000 கிலோகிராம் எடையும் கொண்ட ஒரு மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டால், அதன் மாதிரிகள் பின்வருமாறு அமையும்:

• 1:22.5 – நீளம் 40 செ.மீ., எடை 176 கிராம்
• 1:32 – நீளம் 28 செ.மீ., எடை 61 கிராம்
• 1:87 – நீளம் 10.3 செ.மீ., எடை 3 கிராம்
• 1:160 – நீளம் 5.6 செ.மீ., எடை 0.5 கிராம்

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 1:22.5 விகிதத்தில் 6 கிராம் மட்டுமே இருக்க வேண்டும். அவருடைய உயரம் ஏறத்தாழ 7 செ.மீ. இருக்கும். அதே உயரமுள்ள களிமண் பொம்மை 45 கிராம் எடை கொண்டதாக இருந்தால், அது உண்மைப் படகில் 500 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒருவர் ஏறி நிற்பதற்குச் சமம். இரண்டு பொம்மைகளை ஒரே பக்கம் வைத்தால் படகு கவிழ்வதில் வியப்பில்லை. ஆகவே படகில் ஏற்றும் உருவங்களைக் காகிதக் கூழ், நெட்டி போன்ற எடை குறைந்த பொருள்களால் செய்வது நல்லது.

2011ஆம் ஆண்டு வடிவமைப்பில் வெளிவந்த ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 6 கிராம். எனவே 1:22.5 மாதிரியில் ஒரு நாணயத்தை ஓர் ஆளாகக் கொள்ளலாம். உருவங்களைச் செய்வதற்கு முன்பே நாணயங்களை வைத்துப் படகின் தாங்குதிறனைச் சோதித்துவிடலாம்.

காற்று

பாயையும் படகின் பக்கங்களையும் காற்று தள்ளுவதால் படகைச் சாய்க்கும் திருப்புத்திறன் உண்டாகிறது. காற்றின் வேகம் மாறாதிருந்தால் இது n³ விகிதத்தில் குறையும். படகை மீண்டும் நிமிர்த்தும் திருப்புத்திறனோ n⁴ விகிதத்தில் குறையும். அதாவது, 1:22.5 மாதிரி உண்மைப் படகைவிட 22.5 மடங்கு எளிதில் சாய்கிறது. காற்றழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் மின்விசிறிக் காற்று, இம்மாதிரிக்கு நொடிக்கு 9.5 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் வேகக் காற்றாக அமைகிறது. பாய்மர மாதிரிகளின் பாயைச் சுருட்டி வைப்பதும், பாய்மரத்தை எடை குறைந்த ஈர்க்குச்சியால் செய்வதும் இதற்காகவே.

வேகமும் அலையும்

படகு மாதிரியின் வேகத்தைப் பற்றிய விதியை வகுத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் ஆவார். 1870களின் தொடக்கத்தில் டார்க்கே நகரில் நீண்ட தொட்டி ஒன்றை அமைத்து, மாதிரிகளை இழுத்துச் சோதனைகள் செய்தார். மாதிரி எழுப்பும் அலைகள் உண்மைப் படகின் அலைகளைப் போலவே அமைய வேண்டுமானால், வேகத்தை n-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்பது அவர் கண்ட விதி. கப்பல் வடிவமைப்பில் இன்றும் இம்முறையே பின்பற்றப்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையிலும் இத்தகைய இழுவைத் தொட்டி உள்ளது.

தொடர்வண்டிக்கு அருகில் படகை ஓட்டும்போது இவ்விதி ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மலை இரயிலின் வேகம் 1:22.5 மாதிரியில் நொடிக்கு 37 செ.மீ. ஆகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு, ஃபுரூட் விதிப்படி நொடிக்கு 59 செ.மீ. செல்ல வேண்டும். அவ்வாறு ஓட்டினால் அலைகள் இயல்பாகத் தோன்றும், ஆனால் படகு இரயிலை முந்திவிடும். நேர்விகிதப்படி நொடிக்கு 12 செ.மீ. வேகத்தில் ஓட்டினால் இரயிலுடன் பொருந்தும், ஆனால் அலையே எழாது. நீரின் மேற்பரப்பில் அலைகள் பரவும் மிகக் குறைந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 23 செ.மீ. என்பதால், அதைவிட மெதுவாகச் செல்லும் படகு அலையை எழுப்புவதில்லை. இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது என்பதால், இரயிலுடன் ஓடும் படகுகளை மெதுவாக ஓட்டுவதே பெரும்பாலும் விரும்பப்படுகிறது.

மிதத்தலும் நிலைப்பும்

ஒரு பொருள் தான் இடம்பெயர்க்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம் ஆகும். காஞ்சிபுரம் உள்ளிட்ட ஊர்களின் கோயில் குளங்களில் நடைபெறும் தெப்பத் திருவிழாவில் இதை எளிதாகக் காணலாம். தெப்பத்தின் அடியில் கட்டப்படும் 200 லிட்டர் காலிப் பீப்பாய் முழுவதும் மூழ்கினால் 200 கிலோகிராம் நீரை இடம்பெயர்க்கும். பீப்பாயின் எடை 20 கிலோகிராம் எனக் கொண்டால், மீதி 180 கிலோகிராமை அது தாங்கும்.

மிதந்தால் மட்டும் போதாது, சாய்ந்த படகு தானாக நிமிரவும் வேண்டும். படகு சாயும்போது மூழ்கிய பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்கிறது. புவியீர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் இவ்விரு விசைகளும் படகை நிமிர்த்தும், மிக உயரத்தில் இருந்தால் கவிழ்க்கும். எனவே மின்கலம் போன்ற கனமான பாகங்களை அடித்தளத்தில் வைத்து, மேல்பகுதியை இலேசாகச் செய்ய வேண்டும். அடிப்பாரத்துக்கு ஈயக்குண்டுகளைப் பயன்படுத்துவோர் உண்டு. ஈயம் நச்சுத்தன்மை உடையது என்பதால், குழந்தைகள் கையாளும் படகுகளில் இரும்பு நட்டுகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

1:22.5 விகிதத்தில் மோட்டாருடன் கூடிய 40 செ.மீ. படகின் எடைப் பங்கீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு:

• படகின் உடல் – 60 கிராம்
• கைவிளக்குகளில் இடும் சிறிய மின்கலம் இரண்டு – 46 கிராம்
• 3 வோல்ட்டு மோட்டார் – 18 கிராம்
• தண்டும் சுழல்விசிறியும் – 15 கிராம்
• இரண்டு ஆட்கள் – 12 கிராம்
• அடிப்பாரம் – 25 கிராம்
• மொத்தம் – 176 கிராம்

கட்டும் முறைகள்

கட்டுமரம்: புதிதாகக் கற்போருக்கு ஏற்றது. கட்டைகளே மிதப்பதால் நீர் புகும் என்ற கவலை இல்லை. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் மூன்று முதல் ஐந்து கட்டைகளைச் செதுக்கி, நடுக்கட்டையை நீளமாகவும் முன்முனைகளை மேல்நோக்கி வளைவாகவும் அமைத்து, நூல்கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒட்டுப்பசையைத் தவிர்த்துக் கயிற்றால் கட்டுவதே உண்மையான முறைக்கு நெருக்கமானது. நனைந்த கட்டைகளைப் பிரித்து உலர்த்துவதும் இதனால் எளிதாகிறது.

பரிசல்: ஒகேனக்கலில் காணப்படும் வட்ட வடிவப் படகு. மெல்லிய மூங்கில் பிளாச்சுகளையோ பனையோலையையோ கூடையாக முடைந்து, வெளிப்புறத்தில் துணி ஒட்டி வார்னிஷ் பூச வேண்டும். அகலமாக இருப்பதால் எளிதில் கவிழாது.

வள்ளம்: உட்குழிந்த உடல் கொண்ட படகு. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யலாம். அல்லது, படகைக் கிடையாகப் பல அடுக்குகளாக வெட்டியது போல் வரைந்து, ஒவ்வோர் அடுக்கையும் மெல்லிய பலகையில் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பின்னர் உப்புத்தாளால் தேய்த்து வளைவைப் பெறலாம். அடுக்குகளின் உட்பகுதியை ஒட்டுவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டால் குடையும் வேலை மிச்சமாகும்.

தையல் படகு: துறைமுகம் அமைவதற்கு முன், சென்னைக் கடற்கரையில் கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகு இவ்வகையைச் சேர்ந்தது. பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டதால், அலை மோதும்போது படகு உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தது. இதன் மாதிரியில் தையல் துளைகள் வழியே நீர் கசியும் என்பதால் உட்புறம் முழுவதும் நீர்புகாப் பூச்சு தேவை.

சிறிய அளவுகளுக்கு நெட்டி மிகவும் ஏற்றது. நீர்நிலைகளில் வளரும் இச்செடியின் தண்டு மிகவும் இலேசானது, கூரிய கத்தியால் எளிதில் வெட்டக்கூடியது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. நெட்டி நீரை உறிஞ்சும் என்பதால், மிதக்கவிடும் முன் பூச்சு பூசுவது கட்டாயம்.

நீர்புகாப் பூச்சு

சுடாத களிமண் நீரில் கரைந்துவிடும். சுட்ட களிமண்ணும் நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சி எடை கூடும். மரமும் அவ்வாறே. தமிழகக் கடற்கரையில் படகுகளின் இணைப்புகளை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயுடன் காய்ச்சிப் பூசும் வழக்கம் உண்டு. மரத்தைக் காக்க முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசப்பட்டது. முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மை உடையது என்பதால் மாதிரிகளுக்கு வார்னிஷ் அல்லது எனாமல் வண்ணமே போதுமானது. மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்த பின்னர் பூச வேண்டும். பூச்சின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இயக்கும் முறைகள்

கற்பூரம்: படகின் பின்முனையில் சிறு கற்பூரத் துண்டை நீரைத் தொடும்படி பொருத்தினால் படகு தானாக நகரும். கற்பூரம் பின்புற நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்க, முன்புறத்தில் உள்ள கூடுதல் இழுவிசை படகை இழுத்துச் செல்கிறது. இதற்குத் தீ மூட்டத் தேவையில்லை. சில கிராம் எடையுள்ள 1:87 அளவுப் படகுகளுக்கு மட்டுமே இவ்விசை போதும். நீரில் எண்ணெயோ சோப்போ கலந்திருந்தால் படகு நகராது.

நீராவிப் படகு: கோயில் திருவிழாக் கடைகளில் விற்கப்படும், படபடவென ஒலி எழுப்பும் தகரப் படகு இது. இதன் தொடக்க வடிவத்துக்கு 1891இல் தாமஸ் பியோ என்பவர் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றார். சிறு கொதிகலத்தின் கீழ் விளக்கை ஏற்றினால் நீராவி உண்டாகிக் குழாய்களில் உள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளும். பின் நீராவி குளிர்ந்து சுருங்க, நீர் மீண்டும் உள்ளே இழுக்கப்படும். வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே வரும் நீரோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. இவ்வேறுபாட்டால் படகு முன்னேறுகிறது.

காந்தம்: ஆழம் குறைந்த பித்தளைத் தாம்பாளத்தில் மிதக்கும் படகின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டி, தாம்பாளத்தின் கீழ் மற்றொரு காந்தத்தை நகர்த்தலாம். படகில் மோட்டாரோ மின்கலமோ தேவையில்லை என்பதால் கொலுப் பூங்காவுக்கு இது பொருத்தமான முறையாகும்.

நீர்நிலை அமைத்தல்

தோட்டக் குளத்தில் நீர்மட்டம் மாறாமல் இருப்பது முக்கியம். மட்டம் உயர்ந்தால் படகு பாலத்தில் இடிக்கும், தாழ்ந்தால் தரைதட்டும். தமிழகத்தின் ஏரிகளில் இதற்கான தீர்வு நெடுங்காலமாக உள்ளது. ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் தானாக வெளியேறக் கலிங்கும், வேண்டும்போது நீரைத் திறந்துவிட மதகும் அமைக்கப்பட்டன. தோட்டக் குளத்தில் தேவையான உயரத்தில் பொருத்தப்படும் வழிந்தோடு குழாய் கலிங்கின் வேலையைச் செய்கிறது. அடியில் அமைக்கப்படும் அடைப்பான், குளத்தைக் காலி செய்யும் மதகாகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில் உள்ள ஏரி, பல்லவர் காலத்தைச் சேர்ந்தது. கல்வெட்டுகளில் இது வயிரமேக தடாகம் எனப்படுகிறது. அவ்வூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதை விளக்குகின்றன. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அடங்கும். நீர்நிலையும் தோட்டமும் தொடர்ந்த மேற்பார்வை தேவைப்படுபவை என்பதை இது காட்டுகிறது. மண்கரை, கலிங்கு, மதகு ஆகியவற்றுடன் ஓர் ஏரியை மாதிரியாக அமைப்பது பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கும் ஏற்ற செயல்திட்டம் ஆகும்.

பாதுகாப்பு

• டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நன்னீரில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர்கிறது. கொலு வைக்கப்படும் காலமும் ஏறக்குறைய அதே அளவினது. எனவே கொலுக் குளத்தின் நீரை இரண்டு நாள்களுக்கு ஒருமுறை மாற்றி, தாம்பாளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நிலையான தோட்டக் குளங்களில் கொசுப் புழுக்களை உண்ணும் கப்பி மீன்களை விடலாம்.
• சில சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரும் சிறு குழந்தைகளுக்கு ஆபத்தானது. குளத்தின் அருகில் அவர்களைத் தனியே விடக்கூடாது.
• நீருக்கு அருகில் மின்கலம் அல்லது குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிகளையே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் செருகப்படும் மின்மாற்றியை நீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.
• நீராவிப் படகைப் பெரியவர்களின் மேற்பார்வையில், காகித அலங்காரங்களிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• கட்டுமரம்
• கொலு
• தெப்பத் திருவிழா
• ஆர்க்கிமிடீஸ் தத்துவம்
• பாம்பன் பாலம்
• உத்திரமேரூர்